விழிப்புணர்வுக் கைப்பட்டி அணிவது உதவியா, வெறும் நாகரிகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்காக இளஞ்சிவப்பு நிறத்திலும், டிசம்பர் முதலாம் திகதி உலக எயிட்ஸ் தினத்துக்காகச் சிவப்பு நிறத்திலும் கைப்பட்டிகள் விற்கப்படுவதை மட்டக்களப்பு நகரிலும் கல்முனைப் பக்கத்திலும் இப்போது காண முடிகிறது. சில இடங்களில் பாடசாலைக் கழகங்கள் விற்கின்றன. சில இடங்களில் இளைஞர் அமைப்புகள் கடற்கரையில் மேசை போட்டு விற்கின்றன. அவற்றை வாங்கும் பிள்ளைகளும், வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், விற்பதற்குப் பொறுப்பாக நிற்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

இந்தக் கைப்பட்டி எங்கிருந்து வந்தது?

பிள்ளைகள் ‘பேண்ட்’ என்று சொல்லும் இந்தப் பொருள் சிலிக்கோன் றப்பரில் வார்க்கப்படும் வளையம். பெரியவர்களுக்கானது பொதுவாக 202 மில்லிமீற்றர் சுற்றளவும் 12 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சிறுவர்களுக்கானது 180 மில்லிமீற்றர். வாசகம் குழிவாகப் பதிக்கப்பட்டிருக்கும். நம் வெயிலில் சில வாரங்கள் அணிந்திருந்தால் வியர்வையும் புழுதியும் அந்தக் குழிகளில் படிந்து எழுத்துகள் கறுத்துவிடும்.

இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது 2004 மே மாதம் வெளியான மஞ்சள் நிற லிவ்ஸ்ட்ரோங் கைப்பட்டி. புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் அறக்கட்டளையும் நைக்கி நிறுவனமும் சேர்ந்து அதனை ஒரு டொலருக்கு விற்றன. 8 கோடிக்கும் மேற்பட்ட பட்டிகள் விற்பனையாயின. அதற்கு முன்னரே அடையாளச் சின்னங்கள் இருந்தன. எயிட்ஸ் நோயாளிகளுக்காக 1991இல் நியூயோர்க் கலைஞர்கள் சிலர் சிவப்பு நாடாவை உருவாக்கினார்கள். அதற்கு யாரும் உரிமை கொண்டாடக் கூடாது, அதை வைத்து யாரும் இலாபம் பார்க்கக் கூடாது என்றும் முடிவு செய்தார்கள். அக்காலத்தில் எயிட்ஸ் நோயாளியைத் தொடவே மனிதர் அஞ்சினார்கள். அந்த நிலையில் சட்டையில் ஒரு சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டு வெளியே செல்வதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. இன்று ஒரு வண்ணப் பட்டியை அணிவதற்கு அத்தகைய துணிச்சல் தேவைப்படுவதில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளைப் பார்ப்பது நல்லது.

நேரடியாகச் சொல்லுங்கள்: கைப்பட்டி அணிவது உண்மையான உதவியா?

அணிவது மட்டும் உதவி ஆகாது. அணிந்தவரின் மனதில் இரக்கம் இருக்கலாம். அதை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் உதவி என்பது பெறுபவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் உதவி. நோயாளிக்கு, அவரைக் கூட்டிக்கொண்டு அலையும் குடும்பத்துக்கு, சிகிச்சை தரும் இடத்துக்கு இந்தப் பட்டியின் வழியாக என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். பணம் போயிருந்தால் அது உதவி. பட்டியைப் பார்த்து ஒரு பெண் பரிசோதனைக்குப் போயிருந்தால் அதுவும் உதவி, சில வேளைகளில் பணத்தைவிடப் பெரிய உதவி. ஒன்றுமே போகவில்லை என்றால், அணிந்தவரின் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஓர் ஆபரணம்தான்.

நமது பகுதியில் கையில் ஒன்றைக் கட்டிக்கொள்வது புதிய பழக்கம் அல்ல. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதிப்புக்காகக் காப்புக் கட்டியவர், அன்றிலிருந்து விரதம் காக்கிறார். மச்ச மாமிசத்தை விலக்குகிறார். நேர்ந்தது நிறைவேறும் வரை தம் நடத்தையைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். ஊரும் அவரை அந்த நிலையிலேயே வைத்துப் பார்க்கிறது. கட்டிய நாளிலிருந்து அவருக்குக் கடமை தொடங்குகிறது. கைப்பட்டி வாங்குபவர் பலருக்கோ வாங்கியதுடன் கடமை முடிந்துவிடுகிறது. என் மனக்குறை இதுதான். பட்டியின் மீது எனக்கு வேறு பகை இல்லை.

நண்பர்கள் அணிகிறார்கள் என்பதற்காக நானும் அணிந்தால் அது தவறா?

தவறு இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை தோழிகளைப் பார்த்து ஒன்றைச் செய்வது இயல்பு. நல்ல பழக்கங்களும் அப்படித்தான் பரவுகின்றன. வாங்கிய பட்டி எதற்கானது என்று யாராவது கேட்டால் இரண்டு வாக்கியம் தெளிவாகச் சொல்லக் கூடியவராக இருங்கள். அதுவும் தெரியாமல் அணிவதுதான் குறை.

கல்லடிக் கடற்கரையில் இளஞ்சிவப்புப் பட்டி அணிந்திருந்த மாணவி ஒருவரிடம், அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று வயதான பெண் ஒருவர் கேட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். மாணவி பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் ‘நம்பிக்கை’ என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. கேட்டவர் தம் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. அங்கே ஒரு நல்ல உரையாடல் நிகழ்ந்திருக்கலாம். பட்டியை விற்றவர்கள் அதனுடன் தமிழில் அச்சிட்ட ஒரு சிறு துண்டுத்தாளையாவது கொடுத்திருந்தால் அது நிகழ்ந்திருக்கும்.

பட்டி அணிந்தவர்கள் பிறகு உதவி செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. இரண்டையும் அறிந்துகொள்வது பயனுள்ளது. கனடாவின் டொரொன்டோ நகரின் புறப்பகுதியில் நடந்து 1974இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய்ச் சங்கத்துக்குப் பணம் சேர்க்க வருவதற்கு முதல் நாள், ஒரு சிறிய சின்னத்தைச் சட்டையில் அணிந்துகொள்ளும்படி சில வீட்டாரிடம் கேட்கப்பட்டது. மறுநாள் பணம் கேட்டபோது, முன்னரே சின்னம் அணியக் கேட்கப்பட்டவர்களில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர் கொடுத்தார்கள். சிறிய செயல் பெரிய செயலுக்குப் படியாக அமைந்தது.

40 ஆண்டுகள் கழித்து, 2014இல், கிறிஸ்தோபர்சன், வைட், பெலோசா ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. பிறர் காணும்படி சிறு ஆதரவைக் காட்டியவர்கள், பின்னர் உண்மையான உழைப்போ பணமோ கேட்கப்பட்டபோது, யாரும் காணாதபடி சிறு ஆதரவு காட்டியவர்களைவிடக் குறைவாகவே முன்வந்தார்கள். நல்லவர் என்ற பெயர் முதலிலேயே கிடைத்துவிட்டதால், அதற்கு மேல் செய்ய வேண்டிய தூண்டுதல் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் அந்த நோக்கத்துக்கும் தம் சொந்த மதிப்புகளுக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்க்கச் செய்யப்பட்டவர்களிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது விற்பனை மேசையில் நிற்பவர்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. டொரொன்டோவில் சின்னம் பெற்றவர்களின் கதவை மறுநாளே இன்னொருவர் தட்டினார். நாம் பட்டியை விற்றுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். வாங்கியவரின் தொலைபேசி இலக்கத்தை அவருடைய சம்மதத்துடன் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் இரத்ததான முகாமுக்கோ சிரமதானத்துக்கோ அழைத்தால் அந்தப் பட்டி படியாகும். அழைக்கவில்லை என்றால், வாங்கியவர் அத்துடன் நின்றுவிட்டார் என்று அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நான் கொடுக்கும் நூறு ரூபாயில் நோயாளிக்கு எவ்வளவு போகிறது?

விற்பவர் சொல்லாமல் வேறு யாருக்கும் தெரியாது. இருந்தாலும் கணக்கு எப்படி ஓடும் என்பதை விளங்கிக்கொள்ளலாம். எழுத்துப் பதித்த பட்டி செய்ய ஒவ்வொரு வாசகத்துக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும். அந்த அச்சின் செலவு, நூறு பட்டி செய்தாலும் பத்தாயிரம் பட்டி செய்தாலும் ஒன்றுதான். ஆகவே இலட்சக்கணக்கில் செய்விப்பவருக்கு ஒரு பட்டி மிக மலிவாக முடிகிறது. நம் ஊரில் இருநூறு முந்நூறு பட்டி கேட்கும் ஒரு சிறு கழகத்துக்கு அது அதிக விலையாகிறது. கொழும்பிலிருந்து அனுப்பும் கூலியும், பதாகை, மேசை, ஒலிபெருக்கிச் செலவும் அதன் மேல் ஏறுகின்றன.

ஓர் உதாரணத்துக்கு, ஒரு பட்டி எல்லாச் செலவும் சேர்ந்து 60 ரூபாயில் முடிந்து 100 ரூபாய்க்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு பட்டியும் விற்றால் மிஞ்சுவது 12,000 ரூபாய். நூறு பட்டி பெட்டியில் தங்கிவிட்டால் மிஞ்சுவது 2,000 ரூபாய் மட்டுமே. அந்த முந்நூறு பேரும் பட்டி இல்லாமல் ஐம்பது ரூபாய் வீதம் உண்டியலில் போட்டிருந்தால் 15,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆகவே பணம் சேர்ப்பதே நோக்கம் என்றால், சிறிய அமைப்புக்குக் கைப்பட்டி பெரும்பாலும் நல்ல வழி அல்ல. மக்களிடம் ஒரு செய்தியைச் சேர்ப்பது நோக்கம் என்றால், அந்தச் செய்தி உண்மையில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் எழுதியிருக்கிறேன்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? கேட்பது மரியாதைக் குறைவாக இருக்காதா?

பொதுப் பணத்தைக் கையில் வாங்குபவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நேர்மையாகச் செய்பவர்கள் அதை விரும்புவார்கள். பணம் எந்த வைத்தியசாலைக்கு அல்லது எந்தக் குடும்பத்துக்கு, எந்த மாதத்தில் போகும் என்று கேளுங்கள். ‘புற்றுநோயாளருக்கு’ என்று பொதுவாகச் சொன்னால் அது விடை ஆகாது. அமைப்பு பிரதேச செயலகத்தில் பதிவானதா, பணம் அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனியாள் ஒருவரின் கணக்குக்குப் போகிறதா, பற்றுச்சீட்டு உண்டா என்று கேளுங்கள். பாடசாலைக்குள் விற்கிறார்கள் என்றால் அதிபருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்ந்த தொகை, செலவு, கொடுத்த தொகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டும் கழகத்தை நம்பலாம். பெரிய மண்டபத்தில் காசோலை கொடுக்கும் படத்தை முகநூலில் போடுவதைவிட அந்த ஒரு தாள் மேலானது.

பணம் போகாவிட்டாலும் விழிப்புணர்வு வருகிறதே, அது போதாதா?

விழிப்புணர்வு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. எதைப் பற்றிய விழிப்புணர்வு, யாருக்கு, அதை அறிந்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால்தான் அது விழிப்புணர்வு.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். அப்படி ஒரு நோய் இருப்பதை அறியாத பெண் மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அறியாதது வேறு. மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டாலும் காட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வலிக்கவில்லையே என்று மாதக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பெண்களுக்கான பரிசோதனை கிளினிக் அரசாங்கத்தால் இலவசமாக நடத்தப்படுகிறது என்பதும், 35 வயதை எட்டிய பெண்களைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் அங்கே அழைக்கிறார்கள் என்பதும், மார்பகப் பரிசோதனையுடன் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அங்கே செய்யப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் வெட்கத்தால் போவதில்லை. சிலர் கணவரிடமோ மாமியாரிடமோ எப்படிச் சொல்வது என்று தயங்கிப் போவதில்லை. ‘நம்பிக்கை’ என்று எழுதிய பட்டி இந்தத் தயக்கங்களில் ஒன்றையும் தொடவில்லை. அதே பட்டியில் ‘35 வயதா? கிளினிக்குக்குப் போனீர்களா?’ என்று தமிழில் எழுதியிருந்தால், அணிந்திருக்கும் மகளிடம் தாய் அதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

இதைவிட என்னை வருத்துவது வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் அது. அதற்கு முதன்மையான காரணங்கள் நம் வீட்டு வெற்றிலைத் தட்டிலேயே இருக்கின்றன. வெற்றிலையுடன் சேரும் பாக்கும் புகையிலையும் ஒவ்வொன்றும் தனித்தனியே புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. வயல் வேலைக்குப் போகிறவர், வாவியில் இரவு முழுவதும் வலையுடன் இருக்கிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர் என்று எத்தனை பேர் பசியையும் தூக்கத்தையும் அடக்க வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இப்போது இளைஞர்கள் பொதி செய்த பாக்குக் கலவைகளை மெல்லுகிறார்கள். வாயின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு தோன்றினால், இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண் இருந்தால், வாய் திறப்பது வரவரக் குறைந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த நோய்க்காக எந்த நிறப் பட்டியை அணிய வேண்டும் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்த நோய்க்குப் பட்டி விற்க வேண்டும் என்பதை நம் மக்களின் நோயைப் பார்த்துத் தீர்மானிக்காமல், வெளிநாட்டில் எந்த நிறம் பரவியிருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதால் வந்த குறை இது. மட்டக்களப்பில் ஒரு கழகம் ஏதாவது ஒரு நோய்க்கு மட்டும் பட்டி விற்க முடியும் என்றால், அதை வாய்ப் புற்றுநோய்க்கு விற்கும்படியே நான் கேட்பேன்.

பணமும் சேர்க்காமல் நோயாளியையும் சேராமல் ஒரு பட்டி பயன்பட முடியுமா?

முடியும். 2005இல் பிரித்தானியாவில் தொடங்கிய வறுமை ஒழிப்பு இயக்கத்தின் வெள்ளைப் பட்டி, நன்கொடையைவிட அரசுகளிடம் வைத்த கோரிக்கையையே முதன்மையாகக் கொண்டது. அவ்வாண்டு ஜூலையில் ஸ்கொட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8 என்ற எட்டுச் செல்வந்த நாடுகள், கடன்சுமை மிகுந்த 18 ஏழை நாடுகளின் கடனை நீக்க இணங்கின. பட்டி மட்டும் அதைச் செய்யவில்லை. ஊர்வலமும் கடிதங்களும் நீண்ட காலப் பேச்சுவார்த்தையும் இருந்தன. ஆயினும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத் தலைவர்களின் கண்ணுக்குக் காட்டியது அந்தப் பட்டிதான். அதே பட்டிகளில் சில, தொழிலாளர் மோசமாக நடத்தப்பட்ட சீனத் தொழிற்சாலைகளில் தயாரானவை என்ற செய்தியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. எங்கே, யார் கையால் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டிய காரணம் அது.

தர்மத்தை வெளிக்காட்டக் கூடாது என்றல்லவா சமயங்கள் சொல்கின்றன?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற போதனை இஸ்லாத்திலும் உண்டு, கிறிஸ்தவத்திலும் உண்டு. சைவர் வீடுகளிலும் செய்த தானத்தைச் சொல்லிக்காட்டினால் அதன் பலன் போய்விடும் என்று மூத்தோர் சொல்வார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பலர் இந்தக் காரணத்தால்தான் பட்டி அணியத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனிலும் சிறந்தது என்றுதான் குர்ஆன் சொல்கிறது; வெளிப்படையான தர்மம் அங்கே முற்றாக விலக்கப்படவில்லை. பிறரையும் கொடுக்கத் தூண்டுவதற்காக வெளியே தெரியும்படி செய்வது ஒன்று, தன் பெயருக்காகச் செய்வது வேறு. தயக்கம் உள்ளவர்கள் பட்டியின் விலையைக் கொடுத்துவிட்டுப் பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்பவர் அதை இன்னொருவருக்கு விற்றால் நோயாளிக்கு இரண்டு முறை பணம் போகும்.

பட்டி வாங்காத பிள்ளையை வகுப்பில் கேலி செய்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஆசிரியர்கள் உடனே தலையிட வேண்டும். பிரித்தானியாவில் 2004இல் துன்புறுத்தலுக்கு எதிராக வெளியிடப்பட்ட நீலப் பட்டியை அணிந்த பிள்ளைகளே அதற்காகத் துன்புறுத்தப்பட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. பொருளுக்கு மதிப்பு வந்துவிட்டால் பிள்ளைகள் அதை வைத்து ஒருவரையொருவர் அளக்கத் தொடங்கிவிடுவார்கள். நூறு ரூபாய் பல வீடுகளில் சிறிய காசு அல்ல. வகுப்பறையில் பெயர் கூப்பிட்டுப் பட்டி விற்பதை நிறுத்துங்கள். அலுவலக வாசலில் ஒரு பெட்டியை வைத்து, விரும்பியவர் விரும்பியதைப் போடச் சொல்லுங்கள். பட்டி வேண்டுமென்ற பிள்ளை, காசு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

நோயாளிகளுக்கு உண்மையில் எது தேவைப்படுகிறது?

இரவில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பஸ்ஸில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களை அடையாளம் காண்பது கடினமல்ல. மடியில் ஒரு பொலித்தீன் பை; அதற்குள் கிளினிக் கொப்பியும் ஸ்கான் படங்களும் ஒரு துவாயும் இருக்கும். அப்படிப் பயணம் செய்த ஒரு தாயின் அருகில் அமர்ந்து நான் பேசிக்கொண்டு போயிருக்கிறேன். மருந்துக்குக் காசு கேட்பதில்லை, வைத்தியம் இலவசம், அதற்குக் குறை சொல்ல முடியாது என்றார் அவர். ஆனால் கூட வரும் மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது; இருவருக்கும் பஸ் காசு; விடியற்காலையில் இறங்கி வாசல் திறக்கும் வரை காத்திருக்க இடமில்லை; மறுநாளும் வரச் சொன்னால் தங்க வைக்க ஆளில்லை; மொழி தெரியாததால் எந்த வரிசையில் நிற்பது என்றும் விளங்குவதில்லை. அவருக்கு உடனே வேண்டியிருந்தவை பஸ் காசு, ஓர் இரவு தங்க இடம், சிங்களம் தெரிந்த ஒரு துணை. இவற்றில் எதையும் ஒரு கழகம் செய்து கொடுக்க முடியும். பட்டி விற்ற பணம் ஒரு குடும்பத்தின் மூன்று பயணச் செலவுக்குப் போகிறது என்று எழுதி வைத்து விற்றால், வாங்குபவருக்கும் தான் எதைச் செய்கிறோம் என்பது தெரியும்.

இலக்கு தெளிவாக இருந்தால் எவ்வளவு பெரியதும் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து பணம் திரட்டிய ‘ட்ரெயில்’ நடைபயணத்தின் நோக்கம், தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் நடந்தார்கள். அந்த வைத்தியசாலை எழுந்து, வடக்கு நோயாளர் பலருக்குச் சிகிச்சை தருகிறது. நடந்தவர்கள் எதை அணிந்திருந்தார்கள் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

பிரபலமானவர் ஒருவரின் பெயரில் வரும் பட்டியை நம்பலாமா?

பெயரை நம்பாமல் பணியைப் பாருங்கள். ஊக்கமருந்து பயன்படுத்தியது நிறுவப்பட்டதால் 2012இல் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டுவர் டி பிரான்ஸ் வெற்றிகளும் பறிக்கப்பட்டன. நைக்கியும் அவரைக் கைவிட்டது. மஞ்சள் பட்டியை ஆண்டுக்கணக்கில் அணிந்திருந்த பலர் அதைக் கழற்றி எறிந்தார்கள். அந்த அறக்கட்டளை புற்றுநோயாளருக்குச் செய்துவந்த வழிகாட்டலும் உதவியும் பொய் அல்ல. ஆயினும் ஒருவரின் பெயரில் தொங்கியதால் அவருடைய வீழ்ச்சி அதையும் தாக்கியது.

வைத்தியசாலையில் பட்டியைக் கழற்ற வேண்டுமா?

ஆம். வைத்தியசாலைகள் நோயாளியின் மணிக்கட்டில் தாமும் பட்டி கட்டுகின்றன. சில நாடுகளில் நிறங்களுக்குத் தனிப் பொருள் உண்டு. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மஞ்சள் பட்டி என்றால் உயிர்ப்பிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று பொருள்படும் வைத்தியசாலைகள் இருந்ததால், லிவ்ஸ்ட்ரோங் பட்டிகளைக் கழற்றவோ மூடவோ வேண்டியதாயிற்று. அரிசி ஆலை, தையல் இயந்திரம், ஆய்வுகூடம் போன்ற இடங்களிலும் கழற்றி வையுங்கள். பட்டியின் கீழே வேர்க்குரு வந்தாலும் கழற்றுங்கள்.

சிலிக்கோனுக்குப் பதில் வேறு எதையாவது பயன்படுத்தலாமா?

சிலிக்கோன் மண்ணில் மக்காது. சாதாரண மீள்சுழற்சிக்கும் போகாது. கழற்றி எறிந்த பட்டிகள் கடைசியில் வாவிக்குள்தான் போகின்றன. மருதமுனையில் கைத்தறி நெசவு இன்றும் நடக்கிறது. நெய்து மிஞ்சும் நூலில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டி நெய்து தரும்படி அங்கே கேட்கலாம். அச்சு வெட்டும் செலவு இல்லை. ஐம்பது பட்டியும் செய்விக்கலாம். கூலி நம் ஊர் நெசவாளருக்கே போகும். எழுத்துப் பொறிக்க முடியாது என்பது குறைதான். அதற்குப் பட்டியுடன் ஒரு சிறு அட்டையைக் கட்டிக் கொடுத்தால், மேலே சொன்ன தமிழ்ச் செய்தியை அதில் முழுமையாகவே எழுதலாம்.

காசு கொடுக்க முடியாத மாணவர் என்ன செய்யலாம்?

18 வயது நிரம்பியவர், 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர், உடல்நலத்துடன் இருப்பவர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கலாம். தேசிய அடையாள அட்டையுடன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் இரத்த வங்கிக்குப் போகலாம். ஊரில் முகாம் நடக்கும்போது அங்கே போகலாம். தானமாகக் கிடைக்கும் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு அவை அடிக்கடி தேவைப்படுகின்றன. ஆகவே இரத்ததானம் ஆண்டில் ஒரு நாள் கொண்டாடி முடிக்கும் காரியம் ஆகாது. ஒரு கழகத்தில் அறுபது பேர் இருந்தால், எல்லோரும் ஒரே நாளில் கொடுக்காமல், மாதத்துக்குப் பதினைந்து பேர் வீதம் நான்கு மாதத்துக்குப் பிரித்துக்கொண்டால் வங்கிக்கு அது மிகவும் பயன்படும். முன்கூட்டியே இரத்த வங்கியினருடன் பேசித் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கான கிளினிக் எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கேட்டறிந்து, அதைத் தாய்மார் கூடும் இடங்களில், கடை வாசலில், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் உரியவர்களின் அனுமதியுடன் ஒட்டலாம். கிளினிக் நாள் மாறினால் தாளையும் மாற்ற வேண்டும். பழைய தாளை நம்பிப் போய்த் திரும்பிய பெண் மறுமுறை போவது அரிது.

என்னிடம் ஏற்கனவே ஒரு பட்டி இருக்கிறது. அதைக் கழற்றிவிடவா?

வேண்டாம். அணிந்துகொள்ளுங்கள். உங்கள் தாய்க்கு, பெரியம்மாவுக்கு, சாச்சிக்கு 35 வயது கடந்திருந்தால், பரிசோதனைக்குப் போனார்களா என்று இந்த வாரம் கேளுங்கள். வெற்றிலை போடும் அப்பப்பாவின் வாயை ஒரு நாள் வெளிச்சத்தில் பாருங்கள். திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.